கொட்டிலில் கொழுக்க வைத்த செம்மறிக் குட்டிகள்: இனங்களின் கறித் தரத்தை எதை அளவுகோலாக வைத்து ஒப்பிடுவது?

கொட்டில்கணக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பால் மறந்த கிடாக் குட்டிகளை அடர்தீவனத்தில் கொழுக்க வைக்கும் ஒரு கொட்டிலின் பதிவேட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். இம்முறை சஃபோக், டெக்சல், டார்ப்பர், அவாசி ஆகிய நான்கு இனங்களிலும் ஏறத்தாழ ஒரே வயதுடைய குட்டிகள் கிடைத்ததால், இனவாரியாகத் தனித்தனிப் பட்டிகளில் அடைத்து, ஒரே தீவனத்தை வயிறார வைத்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டுக்கு அனுப்பினோம். எந்த இனத்தின் கறி மேலானது என்பதற்கு ஒரே விடை வரும் என்று எதிர்பார்த்தோம். பதிவேடோ ஒவ்வொரு பத்தியிலும் வேறோர் இனத்தை முன்னே நிறுத்துகிறது.

உயிர் எடையிலும் உரித்த எடையிலும் சஃபோக் முதலிடத்தில் இருக்கிறது. கறி விழுக்காட்டில், அதாவது உயிர் எடையில் உரித்த எடையின் பங்கில், டார்ப்பர் முந்துகிறது; தொடையும் முதுகும் உருண்டு திரண்டு, தொங்கவிட்டுப் பார்க்கையில் கண்ணுக்கு நிறைவாக இருப்பதும் அதுதான். ஆனால் அதன் சிறுநீரகத்தைச் சுற்றியும் முதுகின் மேலும் கொழுப்பு கனமாகப் படிந்திருக்கிறது. டெக்சல் எடையில் நடுத்தரம். மேற்கொழுப்பு மெல்லிய ஏடு போலத்தான் இருந்தது. ஆனால் குளிரறையிலிருந்து எடுத்துச் சமைத்துப் பார்த்த துண்டுகளில் டெக்சலுடையதே கடினமாக இருந்தது. வாலில் கொழுப்பைச் சேர்க்கும் அவாசியைப் பொறுத்தவரை, வாலை உடலோடு சேர்த்து நிறுத்தால் ஓர் எண்ணும், வாலை அறுத்துவிட்டு நிறுத்தால் முற்றிலும் வேறோர் எண்ணும் வருகின்றன.

கறி விழுக்காடு அதிகம் என்பதற்காக டார்ப்பரை முதலில் வைப்பது சரியாகுமா? அவாசியின் வால் கறிக் கணக்கில் சேருமா? டெக்சலின் கடினம் அந்த இனத்துக்கே உரிய குணமா, வேறு காரணம் இருக்குமா? இத்துறையில் பழகியவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

விலாவாரி எழுதியது:

நீங்கள் நான்கு இனங்களை ஒப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் வளர்ச்சியின் நான்கு வெவ்வேறு கட்டங்களில் நின்ற குட்டிகளையே ஒப்பிட்டிருக்கிறீர்கள். பதிவேட்டின் பத்திகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று நினைக்கிறேன்.

செம்மறியின் உடலில் எலும்பு முதலில் வேகமாக வளர்கிறது. தசை அடுத்து வருகிறது. கொழுப்பு கடைசியாக வந்து மற்ற இரண்டையும் முந்துகிறது. இந்த வரிசை எல்லா இனங்களுக்கும் பொது. கொழுப்பு முந்தத் தொடங்கும் எடைதான் இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. அந்த எடை அந்த இனத்தின் முதிர்ந்த எடையைப் பொறுத்தது. முதிர்ந்த எடை 60 கிலோவாக உள்ள ஓர் இனத்தின் குட்டியும் 100 கிலோவாக உள்ள ஓர் இனத்தின் குட்டியும் இன்று 40 கிலோ இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் குட்டி தன் வளர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்கை முடித்துவிட்டது. இரண்டாவது பாதியைக்கூட எட்டவில்லை. முதல் குட்டியின் உடலில் கொழுப்பு கூடுதலாக இருப்பது அதன் குறையன்று, அது நிற்கும் இடம் அப்படி. சஃபோக் பேரினம், தாமதமாக முதிர்வது. டார்ப்பர் சீக்கிரம் கொழுப்பேறும் இனம். டார்செட் ஹார்னையும் கருந்தலைப் பாரசீக ஆட்டையும் கலந்து தென்னாப்பிரிக்காவில் உருவாக்கப்பட்ட அது, வறண்ட மேய்ச்சலிலும் தேறிவிடும். அப்படிப்பட்ட குட்டியை அடர்தீவனத்தில் சஃபோக்குக்கு ஈடாக அதே நாள்வரை வைத்திருந்தால், கடைசி வாரங்களில் ஏறும் எடையில் பெரும்பகுதி கொழுப்பாகத்தான் இருக்கும்.

எனவே இனங்களை ஒப்பிடுமுன் எந்தப் புள்ளியில் நிறுத்தி ஒப்பிடுகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். ஒரே வயதில் ஒப்பிட்டால் பேரினம் வெல்லும். ஒரே உரித்த எடையில் ஒப்பிட்டால் பேரினம் கொழுப்புக் குறைந்ததாகவும் சிற்றினம் கொழுத்ததாகவும் தெரியும். ஒரே கொழுப்பு அளவில் ஒப்பிட்டால் எடையும் வயதும் பிரிந்து நிற்கும். வாங்குபவர் கொழுப்பு அளவைப் பார்த்தே விலை வைப்பார் என்றால் நடைமுறைக்கு மிகவும் பயன்படுவது இந்த ஒப்பீடுதான். முதிர்ந்த எடையில் இத்தனை விழுக்காட்டை எட்டியபோது என்று நிறுத்தி ஒப்பிடும் முறையும் உண்டு. சோய், சவுத்டவுன், ஃபின்னிஷ் லாண்ட்ரேஸ், ஆக்ஸ்ஃபோர்ட் டவுன் என்று உருவத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடுடைய நான்கு இனங்களை இப்படி ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1976இல் வெளிவந்தது. முதிர்ச்சியின் அளவைச் சமமாக்கியதும், தசைக்கும் கொழுப்புக்கும் இடையே பெரிதாகத் தெரிந்த இன வேறுபாடுகளில் பெரும்பங்கு சுருங்கிவிட்டது. உங்கள் பதிவேட்டை வாசிக்கும்போது அந்த ஆய்வு நினைவில் இருப்பது நல்லது.

இனி கறி விழுக்காடு. கொட்டிலில் இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். இவ்வளவு எளிதில் ஏமாற்றக்கூடிய எண் வேறில்லை. உரித்த எடை 20 கிலோ, தீவனம் தின்ற கையோடு நிறுத்த உயிர் எடை 42 கிலோ என்றால் கறி விழுக்காடு ஏறத்தாழ 47.6. அதே குட்டியை இரவு முழுவதும் பட்டினி போட்டு 38 கிலோவில் நிறுத்தால் 52.6. கறி ஒரு கிராம்கூடக் கூடவில்லை. இரைப்பையில் இருந்ததுதான் குறைந்தது. கம்பளி அடர்ந்த குட்டியில் கம்பளியின் எடையும், மழையில் நனைந்திருந்தால் நீரின் எடையும், உயிர் எடையோடு சேர்ந்து விழுக்காட்டைக் கீழே இழுக்கும். டார்ப்பர் போன்ற முடி ஆடுகளுக்கு இதிலேயே ஓர் இலவச மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. சிறுநீரகக் கொழுப்பை உடலோடு விட்டு நிறுப்பதா எடுத்துவிட்டு நிறுப்பதா என்பதிலும் ஒற்றுமை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் முறையில் சிறுநீரகமும் அதன் கொழுப்பும் உடலோடு சேரும். ஆஸ்திரேலிய முறையில் சேராது. சூடாக நிறுத்ததற்கும் குளிர்ந்தபின் நிறுத்ததற்கும் இடையே வழக்கமாக 2 அல்லது 3 விழுக்காடு ஈரம் போய்விடுகிறது. இவை எல்லாம் சமமாக இருந்தாலும், குட்டி கொழுக்கக் கொழுக்கக் கறி விழுக்காடு தானாகவே ஏறும். அதனால் டார்ப்பரின் உயர்ந்த விழுக்காட்டில் ஒரு பங்கு அதன் தசையைக் காட்டவில்லை, கொழுப்பையே காட்டுகிறது.

உருண்டு திரண்ட தோற்றத்தையும் இதே எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். ஐரோப்பியத் தரப்பிரிப்பில் உடலின் வடிவத்துக்கு எஸ், இ, யு, ஆர், ஓ, பி என்று ஓர் எழுத்தும், கொழுப்புக்கு 1 முதல் 5 வரை ஓர் எண்ணும் தனித்தனியே இடப்படுகின்றன. இரண்டையும் பிரித்து வைத்ததற்குக் காரணம் உண்டு: தோலுக்கடியில் படியும் கொழுப்பே பள்ளங்களை நிரப்பி வடிவத்தை அழகாக்கிவிடும். பொக்கார், டுமோன் என்னும் ஆய்வாளர்கள் 1960இல் முன்வைத்த உடற்கூற்று ஒத்திசைவு விதி, எடையும் கொழுப்பும் சமமாக உள்ள உடல்களில், வடிவம் எப்படி இருந்தாலும், தொடை, முதுகு, தோள் முதலிய பாகங்களின் பங்குகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் என்கிறது. தொடை பெரிதாகத் தெரிகிறது என்பதால் தொடைக்கறி கூடுதலாகக் கிடைக்கும் என்று கொள்ள முடியாது. எலும்புக்கு எத்தனை பங்கு தசை என்ற விகிதத்தைப் பாருங்கள். இனங்களுக்கிடையே உண்மையான வேறுபாடு அங்குதான் தெரியும், டெக்சல் அங்கே தலை நிமிர்ந்து நிற்கும்.

அவாசியின் வால் பற்றி: வாலையும் சிறுநீரகக் கொழுப்பையும் தனித்தனிப் பத்திகளில் எழுதி, வால் இல்லாத எடையையே ஒப்பீட்டுக்கு எடுப்பது என் வழக்கம். கொழுவால் இனங்கள் தங்கள் சேமிப்பின் பெரும்பகுதியை வாலில் வைக்கின்றன. குட்டிப் பருவத்திலேயே வாலை நீக்கிவிட்டால், சேர வேண்டிய கொழுப்பின் ஒரு பகுதி உடலின் பிற இடங்களுக்குப் போய்விடும். இதேபோல் ஃபின்னிஷ் லாண்ட்ரேஸ், ரோமனோவ் போன்று பல குட்டிகள் ஈனும் இனங்களும் பால் இனங்களும் கொழுப்பை வயிற்றுக்குள்ளும் சிறுநீரகத்தைச் சுற்றியும் சேர்க்கின்றன. கறிக்கென்று உருவான இனங்கள் தோலுக்கடியில் சேர்க்கின்றன. முதுகுக் கொழுப்பை மட்டும் அளந்து ரோமனோவ் கொழுப்பற்றது என்று எழுதிவைக்கும் பதிவேடுகளை நான் பார்த்திருக்கிறேன். வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

குளிரறை எழுதியது:

டெக்சலின் கடினத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் மற்றவற்றை விலாவாரி ஐயா பெயருக்கேற்ப எழுதிவிட்டார்.

இனத்தைக் குறை சொல்வதற்கு முன் குளிரறையைப் பாருங்கள். வெட்டியபின் தசையில் எஞ்சியுள்ள கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு சிதைந்து லாக்டிக் அமிலமாகி, ஏறத்தாழ 7 ஆக இருந்த பி.எச். மெல்ல இறங்கி 5.5க்கும் 5.8க்கும் இடையில் வந்து நிற்க வேண்டும். பி.எச். 6க்கு இறங்குவதற்கு முன்பே தசையின் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் தசைநார்கள் கடுமையாகச் சுருங்கிக்கொள்ளும். அந்தக் கறியை எப்படிச் சமைத்தாலும் மெல்லுவது சிரமம். கனத்த மேற்கொழுப்புள்ள டார்ப்பருக்கு அந்தக் கொழுப்பே போர்வையாகிவிடுகிறது. ஏடு போன்ற கொழுப்புள்ள டெக்சல் அதே அறையில், அதே காற்றில், மிக விரைவாகக் குளிர்கிறது. ஒரே குளிரறையில் வைத்ததால் எல்லாவற்றையும் சமமாக நடத்திவிட்டோம் என்று நினைப்போம். ஒவ்வோர் உடலும் குளிர்ந்த வேகம் வேறு. வெட்டிய உடலுக்கு மின்தூண்டல் கொடுத்து பி.எச். இறக்கத்தை விரைவுபடுத்துவது, முதல் சில மணி நேரம் குளிரைக் கடுமையாக்காமல் வைத்திருப்பது, பின்பு சில நாள்கள் பதப்பட விடுவது ஆகியவற்றைச் செய்தபின்னும் கடினம் எஞ்சினால் மட்டுமே அதை இனத்தின் கணக்கில் எழுதலாம். தசைக்குள் ஊடுருவிய கொழுப்பு டெக்சலில் குறைவாக இருப்பதால் சாறும் சுவையும் சற்றுக் குறையக்கூடும் என்பது உண்மைதான், ஆனால் அது வேறு விஷயம்.

இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பிந்தைய பி.எச். உங்கள் பதிவேட்டில் இல்லை என்று தோன்றுகிறது. அது இல்லாமல் நிறத்தையும் மென்மையையும் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல இயலாது. வெட்டுக்கு முன் அச்சத்தாலும் பட்டினியாலும் கிளைக்கோஜன் தீர்ந்துவிட்ட குட்டியில் பி.எச். 6க்கு மேலேயே நின்றுவிடும். கறி கருத்து, தொட்டால் பிசுபிசுப்பாக, விரைவில் கெட்டுப்போகும். இதில் இன வேறுபாடு உண்மையிலேயே உண்டு: கம்பளி இனமான மெரினோவின் கறியில் பி.எச். உயர்ந்து நிற்பது கறி இனங்களைவிட அதிகம் காணப்படுகிறது. உங்கள் குட்டிகள் எல்லாம் காயடிக்காத கிடாக்கள் என்பதால், வெட்டுக்கு முந்தைய இரவு வெவ்வேறு பட்டிக் குட்டிகளை ஒன்றாக அடைத்திருந்தால் விடிய விடிய முட்டி மோதிக்கொண்டிருக்கும். அந்த இரவின் விளைவை மறுநாள் கறியின் நிறத்தில் காணலாம்.

தீவிரத் தீவனத்தால் வரும் இன்னொரு குறையையும் கவனிக்கவும். பார்லி போன்ற தானியத்தை அரைத்து மிகுதியாக வைக்கும்போது, இரைப்பையில் உண்டாகும் புரோப்பியானிக் அமிலம் கல்லீரலின் கையாளும் திறனை மீறி, கிளைத்த கொழுப்பமிலங்களாக மாறித் தோலடிக் கொழுப்பில் படிகிறது. அந்தக் கொழுப்பு குளிர்ந்தபின்னும் உறையாமல், விரல் வைத்தால் அமுங்கும். எண்ணெய்ப் பசை தட்டும். தானியத்தை முழுதாகவே கொடுத்தால் இது பெரிதும் குறையும்.

பொலிகிடா எழுதியது:

இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டுத் தொடர்கிறேன். ஒவ்வோர் இனத்திலும் குட்டிகள் எத்தனை தந்தைக் கிடாக்களுக்குப் பிறந்தவை? ஒவ்வோர் இனத்துக்கும் ஒரே பட்டிதானா?

கறித் தரத்தின் பல குணங்கள் நடுத்தரம் முதல் உயர்ந்த அளவுவரை மரபுவழி இறங்குபவை. அதனால் ஓர் இனத்துக்குள்ளேயே ஒரு கிடாவின் குட்டிகளுக்கும் இன்னொரு கிடாவின் குட்டிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு, சில நேரங்களில் இரண்டு இனங்களின் சராசரிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கும். ஒரே ஒரு கிடாவின் நாற்பது குட்டிகளை வெட்டிவிட்டு அந்த இனத்தைப் பற்றிப் பேசுவது, அந்தக் கிடாவைப் பற்றிப் பேசுவதே. பட்டியும் அப்படித்தான். ஒரு பட்டியில் நீர்த்தொட்டி சரியில்லை, இன்னொன்றில் காற்றோட்டம் நன்று என்றால், அந்த வேறுபாடு முழுவதும் இனத்தின் பெயரில் ஏறிவிடும்.

டெக்சலைப் பொறுத்தவரை மரபுக் காரணம் மிகத் தெளிவாகத் தெரிந்த அரிய எடுத்துக்காட்டு அது. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் மரபணுவில், புரதத்தைக் குறிக்காத பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றம் மரபணுவின் செயலை அடக்கும், தசையில் உள்ள நுண் ஆர்.என்.ஏ.க்கள் வந்து ஒட்டிக்கொள்ள இடம் கொடுத்துவிடுவதால், கடிவாளப் புரதம் குறைவாக உற்பத்தியாகிறது, தசை கூடுகிறது. 2006இல் இது விளக்கப்பட்டது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள்: அமெரிக்காவில் டார்செட் இனத்தில் 1980களில் கண்டறியப்பட்ட காலிபிஜ் என்னும் மரபு மாற்றமும் முதுகையும் தொடையையும் வியக்கத்தக்க அளவுக்குப் பருக்கச் செய்தது. ஆனால் அந்த முதுகுக்கறி கடுங்கடினம். தசையை மென்மையாக்கும் நொதிகளைத் தடுக்கும் கால்பஸ்டாட்டின் அதில் மிகுந்திருந்ததே காரணம். டெக்சலின் மாற்றத்துக்கு அந்த அளவுக் குற்றச்சாட்டு கிடையாது. ஆகவே குளிரறை நண்பர் சொன்ன காரணமே எனக்கும் சரியாகப் படுகிறது.

கறித் தரத்தோடு நேரடியாகச் சேராவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: டெக்சல் செம்பு நச்சுக்கு எளிதில் ஆளாகும் இனம். மாட்டுக்கோ பன்றிக்கோ தயாரித்த தாது உப்புக் கலவையை அதன் தீவனத்தில் சேர்த்துவிடாதீர்கள்.

கொட்டில்கணக்கு எழுதியது:

மூவருக்கும் நன்றி. பொலிகிடா அவர்கள் கேட்டவற்றுக்கு விடை: டெக்சல், அவாசி குட்டிகள் ஒவ்வொன்றிலும் ஒரே கிடாவின் வழி வந்தவை, சஃபோக்கும் டார்ப்பரும் பல கிடாக்களின் குட்டிகள். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரே பட்டிதான். உயிர் எடை பட்டினி போடாமல், காலைத் தீவனத்துக்குப் பின் எடுத்தது. வாலும் சிறுநீரகக் கொழுப்பும் நல்ல வேளையாகத் தனியே நிறுத்து எழுதப்பட்டுள்ளன. இந்த நிலையில் இப்பதிவேட்டிலிருந்து எதையாவது பெற முடியுமா, அடுத்த ஈத்துக் குட்டிகள் வரும்வரை காத்திருப்பதுதான் வழியா?

விலாவாரி எழுதியது:

பெற முடியும், ஆனால் இனங்களின் தரவரிசையை அன்று.

வால், சிறுநீரகக் கொழுப்பு இரண்டையும் கழித்த குளிர்ந்த உடல் எடையை முதலில் கணக்கிடுங்கள். பின்பு ஒவ்வோர் இனத்துக்குள்ளும் அந்த எடை கூடும்போது கொழுப்புத் தடிமன் எப்படிக் கூடுகிறது என்று வரைந்து பாருங்கள். நான்கு இனங்களின் எடைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் பகுதி ஏதேனும் இருந்தால், அந்தப் பகுதிக்குள் மட்டும் ஒரே எடையில் ஒப்பிடலாம். மிகக் கனத்த சஃபோக்கையும் மிக லேசான அவாசியையும் கணினியின் துணையோடு ஒரே சராசரி எடைக்குக் கொண்டுவந்து எண் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை; அப்படியோர் எடையில் அந்த இரண்டு இனங்களிலும் ஒரு குட்டியும் வெட்டப்படவில்லை என்றால், அந்த எண் வெறும் கோட்டை நீட்டிப் படித்தது மட்டுமே. டெக்சல், அவாசி பற்றிய முடிவுகளுக்குப் பக்கத்தில் ஒரே கிடா என்ற குறிப்பை அவசியம் எழுதிவிடுங்கள்.

அடுத்த ஈத்தில் ஒரே நாளில் வெட்டும் முறையைக் கைவிட்டு, ஒவ்வோர் இனத்திலும் சம எண்ணிக்கையில் லேசான, நடுத்தர, கனத்த என மூன்று எடைகளில் வெட்டுங்கள். அப்போது ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வளர்ச்சிக் கோடு கிடைக்கும். ஒரே வயது, ஒரே எடை, ஒரே கொழுப்பு என்று எந்தப் புள்ளியிலும் நின்று படிக்கலாம். ஓர் இனத்துக்குக் குறைந்தது இரண்டு பட்டிகளும், இயன்றவரை பல கிடாக்களின் குட்டிகளும் இருக்கட்டும். கொழுப்பை அளக்க எளிய வழி, பன்னிரண்டாவது விலா எலும்பின் மேல், நடுக்கோட்டிலிருந்து 110 மில்லிமீட்டர் தள்ளி, எலும்பின் மேலுள்ள திசுக்களின் மொத்தத் தடிமனை அளப்பது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஜி.ஆர். என்று வழங்குவது இதுதான். பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது விலாக்களுக்கு இடையே குறுக்கே வெட்டி முதுகுத் தசையின் பரப்பைக் கண்ணாடித் தாளில் வரைந்துகொள்ளலாம். வசதி இருந்தால் ஒவ்வோர் உடலிலும் ஒரு தோளையாவது தசை, எலும்பு, கொழுப்பு என்று முழுமையாகப் பிரித்து நிறுங்கள். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் மற்ற அளவுகள் எல்லாம் ஊகிக்க முயல்வதை இது நேரடியாகக் காட்டிவிடும்.

தீவனக் கணக்கையும் அதே மூன்று கட்டங்களாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு கிராம் கொழுப்பில் ஏறத்தாழ 39 கிலோஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது, புரதத்தில் சுமார் 24. அதற்கும் மேலாக, கொழுப்பற்ற தசையில் முக்கால் பங்கு நீர். அதனால் ஒரு கிலோ கொழுப்பை ஏற்றச் செலவாகும் தீவனம் ஒரு கிலோ தசையை ஏற்றச் செலவாவதைவிடப் பல மடங்கு அதிகம். டார்ப்பர் எந்த எடையைத் தாண்டியதும் தீவனம் கறியாகாமல் கொழுப்பாக மாறத் தொடங்குகிறது, சஃபோக்கில் அதே மாற்றம் இன்னும் எத்தனை கிலோ தள்ளி வருகிறது என்பதை அந்தப் பத்தியிலிருந்தே படித்துவிடலாம். ஒவ்வோர் இனத்தையும் எந்த எடையில் வெட்டுக்கு அனுப்புவது என்பதும் அதிலிருந்தே முடிவாகும்.